பிரவுனியின் காலும் 185,000 ரூபாவும்

வாசகி கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் அம்மாவுடன் வாடகைக்கு இருக்கிறேன். பம்பலப்பிட்டியில் வேலை. எங்கள் ஒழுங்கையில் மூன்று வருடமாக நிற்கும் பிரவுனி என்ற பெண் நாயைப் போன வியாழக்கிழமை காலி வீதியில் ஒரு வான் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும் ஓட்டோவில் ஏற்றிக் கிளினிக்கில் சேர்த்தோம். பின்னங்காலில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. தகடு வைக்க 185,000 ரூபா ஆகும் என்கிறார் வைத்தியர். காலையே வெட்டி எடுப்பதென்றால் 70,000 போதுமாம், அதைக் கேட்கவே என்னால் முடியவில்லை. ஃபேஸ்புக்கில் உதவி கேட்டேன். மூன்று நாளில் என் கணக்குக்கு 46,500 ரூபா வந்திருக்கிறது. 'இதுவும் ஒரு பிழைப்பு' என்று ஒருவர் எழுதியதைப் படித்து இரவு முழுக்க அழுதேன். டொரொண்டோவில் இருக்கும் அண்ணா, இணையத்தில் காசு சேர்க்கும் கோஃபண்ட்மி தளத்தில் ஒரு பக்கம் தொடங்கட்டுமா என்று கேட்கிறார். சீட்டுப் பிடிக்கிற என் அம்மாவோ, 'மனுசருக்கே மருந்தில்லை, நீ நாய்க்குப் பிச்சை எடுக்கிறாய்' என்கிறார். நான் செய்வது சரியா? மிச்சக் காசை எப்படிச் சேர்ப்பது? அவள் பிழைக்காவிட்டால் தந்தவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

வான் அடித்த நாயைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றுவது லேசான காரியமில்லை. வலியில் துடிக்கும் நாய், மூன்று வருடம் சோறு வைத்த கையையே கடிக்கும். அதையும் மீறி அன்றைக்கே அவளைக் கிளினிக்கில் சேர்த்திருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாகக் கொழும்பில் மிருக வைத்தியம் பார்க்கிறேன். என்னிடம் வரும் விபத்து நாய்களில் பாதிக்கு மேல், இரண்டு மூன்று நாள் வீதியோரம் கிடந்து, காயத்தில் புழு வைத்த பிறகுதான் வரும். பிரவுனிக்கு அந்த நிலை வரவில்லை. அது உங்களால்.

மேலே போகமுதல் ஒன்று. அன்றைக்கு அவளுடைய பல் உங்களிலோ அந்தத் தம்பியிலோ பட்டிருந்தால், சிறு கீறல் என்றாலும், இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாலைந்து நாள் ஆகிவிட்டதே என்று விடவேண்டாம். விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி அங்கே இலவசம். இனி ஒருமுறை கடிபட்டால், உடனேயே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுப் போங்கள். நீங்கள் கடியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆனால் இந்த நோய் வந்தபின் காப்பாற்ற மருந்தில்லை என்பதால் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

சரி, காசுக்கு வருவோம். நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சத்திரசிகிச்சை முடிந்து பிரவுனி எங்கே படுப்பாள்?

எவ்வளவு காசு வேண்டும் என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கும். தொடை எலும்பு முறிவுக்கு வெளியிலிருந்து பிளாஸ்டர் போட்டுச் சரிக்கட்ட முடியாது. முறிவுக்கு மேலே இருக்கும் இடுப்பு மூட்டை அசையாமல் பிடித்து வைக்க வழியில்லை. அதனால்தான் உள்ளே தகடோ கம்பியோ வைக்கிறோம். தகடு வைத்த நாள் எலும்பு ஒட்டிய நாள் ஆகாது. எலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதுவரைக்கும் அவள் ஒரு சின்ன அறையிலோ கூட்டிலோ இருக்கவேண்டும். படி ஏறக்கூடாது, பாயக்கூடாது, மலசலத்துக்கு மட்டும் கழுத்துப்பட்டியோடு வெளியே வந்து போகவேண்டும். மூன்று வருடம் ஒழுங்கை முழுக்கத் தன்னுடையது என்று திரிந்த நாய்க்கு அது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்று யோசியுங்கள். அருமையாகச் செய்த சத்திரசிகிச்சை பத்தாம் நாளே பாழானதை நான் பார்த்திருக்கிறேன். நாய் ஒரு மதிலில் இருந்து பாய்ந்தது, தகடு வளைந்தது. சேர்த்த காசும் போனது, நாய்க்கு இரண்டாவது தடவையும் வலி.

உங்களுடையது வாடகை வீடு. வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. சம்மதிக்காவிட்டால் தங்குமிடத்துக்குக் காசு கொடுக்கவேண்டும். ஒரு கணக்குக்கு, நாளுக்கு 1,000 ரூபா என்று வையுங்கள். 56 நாளுக்கு 56,000. அதை 185,000 உடன் கூட்டினால் 241,000. கையில் இருக்கும் 46,500 போக, இன்னும் 194,500 வேண்டும். காலை எடுப்பதென்றால் தையல் பிரிக்க இரண்டு வாரமளவில் ஆகும், தேறி நடக்க இருபது நாள் என்று வைப்போம். 70,000 உடன் 20,000 சேர்த்து 90,000. இன்னும் வேண்டியது 43,500. இருபத்திரண்டு பேர் ஆளுக்கு 2,000 தந்தால் கணக்கு முடிந்தது.

காலை எடுப்பது என்ற சொல்லைக் கேட்கவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விளங்குகிறது. ஆனால் தயவுசெய்து அந்தக் கதவை அவ்வளவு விரைவாக மூடாதீர்கள். நாயின் உடல் பாரத்தில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன, பின்னங்கால்கள் நாற்பதுதான். அதனால் ஒரு பின்னங்கால் இல்லாத நாய் நாம் பயப்படுகிற அளவுக்குத் தடுமாறாது. மற்றக் காலும் இடுப்பும் நன்றாக இருந்தால் பெரும்பாலான நாய்கள் சில நாட்களிலேயே எழுந்து நடக்கும், சில கிழமைகளில் ஓடும். கால் போனதை எண்ணி ஒரு மூலையில் இருந்து அழுகிற நாயை நான் கண்டதில்லை. அந்தத் துக்கம் எங்களுடையது. வலி நின்றதும் நாய் சாப்பாட்டுத் தட்டைத் தேடும்.

இப்படிச் சொல்வதால் காலை எடுங்கள் என்று நான் தீர்ப்புச் சொல்வதாக நினைக்கவேண்டாம். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இளம் நாய், சுத்தமான ஒரே முறிவு, எட்டு வாரம் வைத்துப் பார்க்க ஒரு வீடு என்றால், நானும் காலைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன். எலும்பு பல துண்டாக நொருங்கி, வைத்திருக்க இடமும் இல்லை என்றால், காலை எடுப்பதுதான் அவளுக்குச் செய்யும் நல்லது. அவள் திரும்பவும் காலி வீதிக்குப் போகாமல் ஒரு வளவுக்குள் இருக்க இடம் தேடவேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

நாளைக்குக் கிளினிக்குக்குப் போய் வைத்தியரிடம் அமைதியாக இருந்து கதையுங்கள். முறிவு எப்படிப்பட்டது, தகட்டுக்குப் பதிலாகக் கம்பி வைக்கமுடியுமா என்று கேளுங்கள். பல நேரம் அதற்குச் செலவு குறைவு, எல்லா முறிவுக்கும் பொருந்தாது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். வான் அடித்த நாயில் கால் முறிவு கண்ணுக்குத் தெரியும், நுரையீரலில் பட்ட அடியும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்ததும் தெரியாது. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்றும் கேளுங்கள்.

இரத்தப் பரிசோதனையை மட்டும் காசு மிச்சம் பிடிக்கத் தவிர்க்காதீர்கள். எங்கள் தெருநாய்களில் உண்ணி இல்லாத நாயைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். உண்ணிக் காய்ச்சலில் பிளேட்லெட் குறையும். டெங்கு வந்த வீடுகளுக்கு அந்தச் சொல்லை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிளேட்லெட் குறைந்த நாயை அறுத்தால் இரத்தம் நிற்காது. அப்படி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துத் தேற்றிவிட்டுத்தான் காலைத் தொடவேண்டும். முறிவை முதல் நாளே அறுக்கவேண்டிய அவசரம் இல்லை. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் இழுபட்டால் தசை சுருங்கி, எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கும். ஆகவே உங்களுக்குச் சில நாள் அவகாசம் இருக்கிறது, மாதக்கணக்கில் இல்லை. அதுவரை வலிக்கு என்று வீட்டிலிருக்கும் பனடோல், டிக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டாம். மனிதருக்கான வலிக் குளிசைகளால் வயிற்றில் புண் வந்து, சிறுநீரகமும் ஈரலும் கெட்ட நாய்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டபிறகு, செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். திகதியும் கிளினிக்கின் முத்திரையும் இருக்கட்டும். இதுவரை தங்கிய நாட்கள், சத்திரசிகிச்சை, மருந்து, பிறகு எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் அதற்குள் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த நல்ல வைத்தியரும் இதற்குக் கோபிக்கமாட்டார். தவணையில் கட்டமுடியுமா என்றும் கேளுங்கள், தெருநாய் என்றால் தங்கள் கூலியைக் குறைக்கிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களால் குறைக்கக்கூடியது கூலியை மட்டும்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தாண்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தகடு, ஆணி, மயக்க மருந்து, தையல் நூல் எல்லாம் கப்பலில் வருபவை. பிறகு ரூபா கொஞ்சம் தேறினாலும் அவற்றின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பேராதனை மிருக வைத்திய பீடத்தோடு ஒரு போதனா மிருக வைத்தியசாலை இருக்கிறது, அங்கேயும் தொலைபேசியில் கட்டணத்தை விசாரித்துப் பாருங்கள். முறிந்த காலோடு நூறு கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோகவேண்டும் என்பதையும், வாகனச் செலவையும் அதில் கூட்டிப் பாருங்கள்.

இப்போது, உங்கள் கணக்கில் கிடக்கும் 46,500.

அது உங்கள் சம்பளக் கணக்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கே ஒரு கொப்பி எடுத்து, யார், எந்தத் திகதி, எவ்வளவு என்று எழுதுங்கள். நாளைக்குக் காலையில் முழுத்தொகையையும் கிளினிக்கில் பிரவுனியின் பெயருக்கு முற்பணமாகக் கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். சம்பளமும் அவளுடைய காசும் ஒரே இடத்தில் கிடந்தால், மாத முடிவில் எது எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். நேர்மையான பிள்ளைகள் அப்படித்தான் பழி சுமக்கிறார்கள். ஒரு ரூபாவும் எடுத்திருக்கமாட்டார்கள், ஆனால் காட்ட எதுவும் கையில் இருக்காது. இனிமேல் தருகிறவர்களிடம் நேராகக் கிளினிக்கின் கணக்குக்கே போடும்படி சொல்லுங்கள், அல்லது கவுண்டரில் கட்டச் சொல்லுங்கள். கிளினிக் அதற்குச் சம்மதிக்காவிட்டால் இதற்கென்று வேறு ஒரு சேமிப்புக் கணக்கை, இரண்டு பேர் கையெழுத்தோடு திறவுங்கள்.

'இதுவும் ஒரு பிழைப்பு' என்று எழுதியவருக்கு ஒரேயொரு பதில் போதும். மதிப்பீட்டின் படமும் முற்பணப் பற்றுச்சீட்டின் படமும். அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவேண்டாம். அவர் சொன்னது உங்களைக் காயப்படுத்தியது உண்மை. ஆனால் கொழும்பில் ஒரே நாயின் படத்தைக் காட்டி நாலு பேர் நாலு கணக்குக்குக் காசு வாங்கிய கதைகளும் உண்மை. முன்பு ஏமாந்த ஒருவராகவும் அவர் இருக்கலாம். இரத்தம் வடியும் படத்தை எடுத்துவிட்டு எக்ஸ்ரே படத்தைப் போடுங்கள். உங்கள் ஒழுங்கையின் பெயரைப் போடவேண்டாம். இந்தப் பிள்ளை நாய்களைப் பார்ப்பாள் என்று தெரிந்தால், இரவோடு இரவாகக் குட்டிகளைப் பெட்டியில் வைத்து உங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். இரக்கமுள்ள பலருடைய வீடு அப்படித்தான் நிறைந்து, கடைசியில் அவர்களும் உடைந்துபோகிறார்கள்.

பதிவை இப்படி எழுதிப் பாருங்கள், அப்புறம் உங்கள் வாயில் வரும் விதத்தில் மாற்றுங்கள்:

"பிரவுனி மூன்று வருடமாக எங்கள் ஒழுங்கையில் நிற்கும் தெருநாய். வான் அடித்துத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. வைத்தியரின் மதிப்பீடு கீழே இருக்கிறது. இதுவரை 46,500 ரூபா கிடைத்து, கிளினிக்கில் கட்டியாகிவிட்டது, பற்றுச்சீட்டும் கீழே. இன்னும் வேண்டியது இவ்வளவு. அந்தத் தொகை சேர்ந்ததும் காசு கேட்பதை நிறுத்திவிடுவோம். வைத்தியர் அவளுக்கு எது நல்லது என்கிறாரோ அதற்கே இந்தக் காசு, அது காலைக் காப்பாற்றுவதாக இருந்தாலும், எடுப்பதாக இருந்தாலும், வலியில்லாமல் அனுப்பிவைப்பதாக இருந்தாலும். மிஞ்சினால் அவளுடைய கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் போகும். அதற்கும் மேல் மிஞ்சினால் இதே கிளினிக்குக்கு வரும் அடுத்த தெருநாய்க்கு."

இதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். நாய்க்கு இரங்குகிறவர்கள் இந்த நகரத்தில் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள்.

ஆனால் ஃபேஸ்புக்கை விட எனக்கு நம்பிக்கை உங்கள் ஒழுங்கையில்தான். மூன்று வருடம் ஒரு தெருநாய் உயிரோடு இருந்தது என்றால் நீங்கள் ஒருவர் மட்டும் அதற்குச் சோறு வைக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் எலும்பு போட்டவர் இருப்பார். ஓட்டோ நிறுத்தத்தில் பாணைப் பிய்த்துப் போட்டவர் இருப்பார். இரவுக் காவலாளிக்கு அவள்தான் துணை. அவர்களிடம் நேரே போங்கள். நாய்க்குக் காசு தாருங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தால், "பிரவுனியைக் காணவில்லையே என்று தேடினீர்களா?" என்று கதையைத் தொடங்குங்கள். நான் பார்த்தவரையில் முன்பின் தெரியாதவர்கள் முதல் மூன்று நாள் தருவார்கள், அதோடு அடங்கிவிடும். நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கடைசிவரை விசாரிப்பார்கள். எல்லாரிடமும் காசுதான் வேண்டும் என்றும் இல்லை. ஓட்டோக்காரர் கிளினிக்குக்குப் போய்வர மூன்று தடவை சும்மா ஓடித் தந்தால் அதுவும் காசு. தெஹிவளையிலோ இரத்மலானையிலோ வளவோடு வீடு உள்ள ஒருவர் எட்டு வாரத்துக்கு ஒரு மூலை தந்தால், மேலே போட்ட கணக்கில் 56,000 ரூபா அப்படியே கழிந்துவிடும். அந்த மூலையைத் தேடுவதில் உங்கள் முழுப் பலத்தையும் போடுங்கள்.

எம்பார்க், புளூ பாவ் ட்ரஸ்ட் போன்ற மிருக நல அமைப்புகளையும் தொடர்புகொள்ளலாம். ஆனால் அவர்களிடம் ஒரே நாளில் எத்தனை பேர் கை நீட்டுவார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள். முழுச் செலவையும் ஏற்பார்கள் என்று காத்திருந்து நாட்களை இழக்கவேண்டாம்.

டொரொண்டோ அண்ணாவின் விஷயம். கோஃபண்ட்மி பணம் எடுக்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை, கனடா இருக்கிறது. ஆகவே அண்ணா தன் பெயரில், தன் கனடிய வங்கிக் கணக்கோடு தொடங்கவேண்டும். கொழும்பில் இருக்கும் தங்கைக்கு, இந்த நாயின் சிகிச்சைக்கு அனுப்பப்போகிறேன் என்று அதில் வெளிப்படையாக எழுதவேண்டும். ஒவ்வொரு கொடையிலிருந்தும் ஏறத்தாழ 3 வீதம் கட்டணமாகக் கழியும். அடையாளம் உறுதிப்படுத்தி, காசு அவர் கணக்குக்கு வந்து, பிறகு இங்கே வந்துசேரச் சில நாட்கள் ஆகும். நாளைக்குக் கட்டவேண்டிய காசுக்கு அதை நம்பவேண்டாம். உண்மையைச் சொன்னால், 43,500 ரூபா போதும் என்று முடிவானால் அதற்குக் கோஃபண்ட்மியே தேவையில்லை. அண்ணாவும் அவருடைய நாலு நண்பர்களும் காசு அனுப்பும் கடை வழியாக அனுப்பினால் போதும். பெரிய தொகைதான் வேண்டும் என்றால் மட்டும் தொடங்கச் சொல்லுங்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு கணக்கு ஓடும்போது, இரண்டின் கூட்டுத்தொகையையும் இரண்டு இடத்திலும் போடவேண்டும்.

காசு போடுகிறேன் என்று தொலைபேசி எடுத்து, உங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி இலக்கத்தையோ வங்கி அட்டையின் இலக்கத்தையோ கேட்கிறவர்கள் திருடர்கள். காசு வாங்குவதற்கு உங்கள் ஓடிபி யாருக்கும் தேவைப்படாது. "போட்டுவிட்டேன்" என்று அனுப்பும் சிட்டையின் படத்தையும் நம்பவேண்டாம், கணக்கில் விழுந்தபிறகு கொப்பியில் எழுதுங்கள்.

அவள் பிழைக்காவிட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லவேண்டும். பல வருடத்துக்கு முன், ஒரு தம்பி முதுகெலும்பு முறிந்த நாய் ஒன்றைக் கொண்டுவந்தான். பின்பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை, சிறுநீர் போகவில்லை. அவனுடைய பல்கலைக்கழக நண்பர்கள் சேர்ந்து பெரிய தொகை சேர்த்திருந்தார்கள். ஊசி போட்டு அனுப்பிவைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடியது என்று நான் முதல் நாளே சொன்னேன். "இவ்வளவு பேர் காசு தந்திருக்கிறார்களே டொக்டர், நான் எப்படி முகம் கொடுப்பேன்" என்று அவன் தயங்கினான். நானும் அழுத்திச் சொல்லவில்லை. இன்னும் மூன்று நாள் அந்த நாய் சேலைனோடும் வலியோடும் கிடந்து இறந்தது. அந்த மூன்று நாளில் நானும் பங்காளி. அவனை நான் குறைசொல்லமாட்டேன், அவன் கெட்டவனில்லை. காசு சேரச் சேர, நாயைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவை அவன் காசைப் பார்த்து எடுக்கத் தொடங்கிவிட்டான்.

அதனால்தான் 'வலியில்லாமல் அனுப்பிவைப்பதாக இருந்தாலும்' என்ற சொற்களை உங்கள் பதிவில் வைத்தேன். எழுதக் கை நடுங்கும், ஆனாலும் முதலே எழுதிவிடுங்கள். அப்படி ஒரு நாள் வந்தால் நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. "பிரவுனி இன்று காலை இறந்துவிட்டாள். கடைசி பில்லும் மிச்சக் கணக்கும் கீழே" என்று அன்றைக்கே எழுதுங்கள். யாராவது தன் காசைத் திருப்பிக் கேட்டால், மிஞ்சியதிலிருந்து கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுங்கள். கேட்கிறவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். நீங்கள் சொன்ன காயத்தை வைத்துப் பார்த்தால், நான் அவள் பிழைப்பாள் என்றே நினைக்கிறேன்.

பிழைத்து எழுந்ததும், எலும்பு ஒட்டியபிறகு, கருத்தடை செய்யுங்கள். அவளுக்குக் குட்டிகள் பிறந்து, அவை காலி வீதியைக் கடக்கத் தொடங்கினால் நீங்கள் இன்னொரு கடிதம் எழுதவேண்டிவரும். 2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. அதற்குப் பதிலாகக் கருத்தடையும் விசர்த் தடுப்பூசியும். மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவில் விசாரித்தால் எப்போது, எங்கே என்று சொல்வார்கள்.

கடைசியாக அம்மா. அவர் சொன்னதில் கல்நெஞ்சு இருப்பதாக எனக்குப் படவில்லை. மருந்துக் கடையில் அரைவாசி மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் கிழவர்களை நானும் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஆனால் பிரவுனிக்குத் தருகிறவர்கள் ஒரு நோயாளியின் பங்கை எடுத்துத் தரவில்லை. என் அனுபவத்தில், தெருநாய்க்கு ஓடுகிற அதே ஆட்கள்தான் இரத்ததானத்துக்கும் வரிசையில் நிற்பார்கள். அம்மா ஊரில் வைரவர் கோயிலுக்குப் போயிருப்பார், வைரவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாயை அவருக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருக்கு உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன். பிறர் காசில் கை வைத்துப் பெயர் கெட்டுப்போன குடும்பங்களைச் சீட்டுப் பிடிக்கிற ஒருவர் எத்தனை கண்டிருப்பார்! அந்த நிலை மகளுக்கு வரக்கூடாது என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது, இப்போது உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

ஆகவே அவரோடு வாதாடவேண்டாம். இருபது பேருடைய காசை மாதாமாதம் வாங்கி, ஒரு சதம் பிசகாமல் கொடுக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். நான் மேலே சொன்ன அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். "அம்மா, கணக்கை நீங்கள் பாருங்கள், நான் காசைத் தொடமாட்டேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது கையெழுத்து வேண்டுமென்றால் அதுவும் அவருடையதாக இருக்கட்டும். முதல் வரியில் உங்கள் பெயரையும், நீங்கள் போடக்கூடிய தொகையையும் எழுதச் சொல்லுங்கள். ஓட்டோக்காரர் ஓடித் தந்த மூன்று ஓட்டத்தையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். தையல் பிரித்த அன்று பிரவுனி எத்தனை காலில் நிற்கிறாள் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.